கல்லறை இல்லாத வீடுகள்



ஆத்துமாக்களின் மாதமாகிய நவம்பர் பிறந்ததும் நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, நம்மை விட்டுப் பிரிந்தவர்களின் இளைப்பாற்றிக்காக ஜெபிக்கிறோம். அங்கே நின்று அழுதாலும் ஓர் ஆறுதல் உண்டு. நம்முடையவர்கள் கிடக்கும் இடம் இன்னதென்று நமக்குத் தெரியும்.

அது தெரியாத வீடுகளும் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியிலே நீரோடி முதல் இரையுமன்துறை வரைக்கும் எட்டுக் கடற்கரை ஊர்கள் உள்ளன. தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை முதலான இவ்வூர்களின் பங்குகள் திருவனந்தபுரம் அதிமேற்றிராசனத்தைச் சேர்ந்தவை. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போன இம்மக்கள் விசைப்படகு ஏறினால் பல நாள், சில வேளை பல வாரம் கழித்தே கரை திரும்புவார்கள்.

2017-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசிற்று. அன்றைக்கு மீனவரும் அப்போஸ்தலருமாகிய அர்ச்சியசிஷ்ட பெலவேந்திரர் திருநாள். முன்னமே கடலுக்குப் போயிருந்தவர்களுக்குக் கரையிலிருந்து கொடுத்த எச்சரிக்கை எட்டவில்லை. அவர்களிடமிருந்த கம்பியில்லாக் கருவிகளுக்கு அவ்வளவு தூரம் சக்தியில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் ஒதுங்கின. சில திரும்பவேயில்லை. இறந்தவர்களில் அநேகருடைய சடலம் இன்றுவரை கிடைக்கவில்லை. அப்போது பாப்பரசராயிருந்த பிரான்சிஸ், டிசம்பர் 10-ந் தேதி ஞாயிறு ஜெபத்தின்போது காணாமற்போன மீனவரின் குடும்பங்களை நினைவுகூர்ந்தார்.

காணாமற்போனவரை மரித்தவராகச் சட்டம் எண்ணுவதற்கு வழக்கமாய் 7 வருஷம் செல்லும். அவ்வளவு காலம் காத்திருக்க வைக்காமல் தமிழக அரசாங்கம் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் நிவாரணம் கொடுத்தது. அது நியாயமே. ஆனால், பணத்தைப் பெற்றுக்கொண்ட மனைவி, நடுராத்திரியில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து உட்காராமல் இருப்பாளா? தகப்பன் முகத்தை நினைவில்லாத பிள்ளை, மற்றவர்கள் கல்லறைக்குப் போகும் நாளில் எங்கே போய் மெழுகுதிரி ஏற்றும்?

புயலடித்த வாரத்தில் அங்கே போகாதவர் இல்லை. மந்திரிகள் போனார்கள், பத்திரிகைக்காரர்கள் போனார்கள், அரிசியும் துணியும் போயின. பிறகு வண்டிகள் நின்றன. துக்கமோ நிற்கவில்லை. அர்ச். இயாகப்பர் தமது நிருபத்தில், சர்வேசுரனுக்கு முன்பாக மாசற்ற பக்தி எதுவென்று சொல்லும்போது, அநாதைகளையும் விதவைகளையும் அவர்கள் துன்பத்திலே போய்ச் சந்திப்பதை முதலாவதாக வைக்கிறார். பணம் அனுப்பிவிட்டு வீட்டிலிருக்க அவர் சொல்லவில்லை, போய்ப் பார்க்கச் சொல்லுகிறார். எத்தனை மாதத்துக்குள் என்று கெடுவும் வைக்கவில்லை.

"இத்தனை வருஷம் கழித்துப் போய் என்ன பேசுவது? ஆறின புண்ணைக் கிளறுவதாகாதா?" என்று சிலர் தயங்கலாம். அந்தப் புண் ஆறிற்றென்று நாம்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு நோகிறது, தங்கள் பிள்ளையின் பேரை எல்லாரும் மறந்துவிட்டார்களே என்பதுதான். பேசத் தெரியவில்லையென்றால் யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து வாய் திறவாதிருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதராய் இருந்தார்கள். வாய் திறந்து நியாயம் பேசத் தொடங்கினபோதுதான் அவரை நோகச் செய்தார்கள்.

ஆகையால், அங்கே போகிறவர்கள் "எல்லாம் சர்வேசுரன் சித்தம்" என்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டாம். அது சத்தியமே. ஆனால் அவர்கள் அதை நமக்கு முன்னமே கண்ணீரோடு ஜெபித்தவர்கள். ஒருவேளை திரும்பி வருவாரென்று வீண் நம்பிக்கை ஊட்டவும் வேண்டாம், இன்னும் காத்திருக்கும் தாயைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். உட்காருங்கள். கொடுக்கிற தண்ணீரையோ காப்பியையோ வாங்கிக் குடியுங்கள். போனவருடைய பேரைக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். அவர்கள் சொல்லுகிறதைக் கேட்டு, ஒரு ஜெபமாலை சேர்ந்து சொல்லுங்கள். லாசரின் கல்லறையண்டையில் நம் ஆண்டவரே, அவனை உயிர்ப்பிக்கப் போகிறோமென்று அறிந்திருந்தும், முதலில் அந்தச் சகோதரிகளோடு அழுதார் அல்லவா?

சடலம் கிடைக்காதவர்களுக்காகவும் திருச்சபை பூசை ஒப்புக்கொடுக்கிறது. மண்ணிலே புதைந்தவர்களை மட்டுமல்ல, சமுத்திரமும் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்று காட்சியாகமம் நமக்குக் கற்பிக்கிறது. சர்வேசுரனுக்குத் தெரியாத கல்லறை எங்குமில்லை.

இந்த மாதத்தில் நம் பங்குக் குடும்பங்களில் இயன்றவர்கள் ஒரு நாள் அக்கரைக்குப் போய்வரும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். போக முடியாத முதியோரும் நோயாளிகளும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மெழுகுதிரி அதிகமாய் ஏற்றி, கடலில் மாண்டவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லட்டும்.

காணாமற்போன தம் பாலனை மூன்று நாள் தேடியலைந்த தேவமாதா, இன்னும் கடலைப் பார்த்திருக்கும் அந்தத் தாய்மாருக்குத் துணையாயிருப்பாராக. ஆமென்.