இறாலின் கண்

அட்லாண்டிக் நடுவே, 3,600 மீட்டர் ஆழத்துக் கொதிநீர் ஊற்றுகளைச் சுற்றி ரிமிகாரிஸ் என்ற இறால் வாழ்கிறது. ஊற்றின் மங்கிய ஒளியை உணரத்தான் அதன் முதுகில் லென்ஸ் இல்லாத கண் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதைப் பார்க்க, பெரிய விளக்குகளோடு நீர்மூழ்கி ஊர்திகள் போயின. பிடித்துவந்த இறால்களின் விழித்திரை சிதைந்திருந்தது. அந்த விளக்குகளே காரணமோ என்று 1999-இல் பீட்டர் ஹெரிங் குழுவினர் நேச்சர் இதழில் கேட்டார்கள்.

வேணும்னு யாரும் செய்யலதான். ஆனா ‘தெரியாம நடந்துபோச்சு’ என்பது ஒருமுறைதான் செல்லும்.

2012-இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகள் அருகே எடித் விடர், பெரும்பாலான ஆழ்கடல் உயிர்களுக்குத் தெரியாத சிவப்பொளியில் இயங்கும் கேமராவைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். ராட்சதக் கணவாய் வந்தது.

ஊர்தி எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்கிறோம். போன இடத்தில் எவ்வளவு அடக்கமாக இருக்கும் என்பதும் அதை வடிவமைப்பவர் பதில் சொல்லவேண்டிய கேள்விதானே?