டேமனா, ஸ்டெஃபனா? வேதாளத்தைக் கேட்போம்!

ஒரு கதையை உயிருக்கு உயிராக நேசிக்கிறோம். அந்த நேசம் நமக்கு என்ன உரிமையைத் தருகிறது? நாம் நினைத்தபடிதான் கதை முடிய வேண்டும் என்று கேட்கும் உரிமையா? நமக்குப் பிடித்த பாத்திரம் என்ன பாவம் செய்தாலும் மன்னித்துவிடும் உரிமையா?

“சும்மா கதைதானேலா, இதுக்கெல்லாமா தத்துவம் பேசுவாங்க?” என்று சிலர் கேட்கலாம். ஈப்போவில் எங்கள் ஞாயிறு வகுப்பில் “தர்மம் என்றால் என்ன?” என்று கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். “டேமனா, ஸ்டெஃபனா?” என்று கேட்டால் கூரை பறக்கும். ஆக, நம் பிள்ளைகள் அறத்தைப் பற்றி மனம்விட்டு வாதாடும் இடம் இன்று கதைதான். அந்த வாதத்தை நாமும் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்பது நல்லது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘தி வாம்பயர் டைரீஸ்’ என்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 2009 முதல் 2017 வரை 8 சீசன், 171 பாகங்கள் ஓடியது. எல். ஜே. ஸ்மித் என்ற பெண் எழுத்தாளர் 1991இல் வெளியிடத் தொடங்கிய நாவல்கள்தான் இதற்கு மூலம். அண்ணன் டேமன், தம்பி ஸ்டெஃபன் இருவரும் ரத்தம் குடித்து வாழ்பவர்கள். இருவரும் விரும்புவது எலேனா என்ற ஒரே பெண்ணை. தொடர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் நம் பிள்ளைகள் புதிது புதிதாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வகுப்பில் முதல் சண்டை நாவலுக்கும் தொடருக்கும் இடையில்தான். நாவலில் எலேனா பொன்னிறக் கூந்தல்காரி, கொஞ்சம் திமிர் பிடித்தவள். தொடரில் கருமையான கூந்தல், மென்மையான குணம். நாவலில் மார்கரெட் என்று ஒரு குட்டித் தங்கை இருக்கிறாள். தொடரில் அவளுக்குப் பதில் ஜெரமி என்று ஒரு தம்பி. ஊரின் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். “கதையையே கெடுத்துட்டாங்கண்ணே!” என்பது புத்தகம் படித்தவர்களின் ஆத்திரம். “அதைப் படிச்சா தூக்கம்தான் வரும்” என்பது மற்றவர்களின் பதில்.

பெரியவர்களுக்கோ வேறு கவலை. “ரத்தக் காட்டேரிக் கதையெல்லாம் இந்து இளைஞர்களுக்கு எதுக்கு?” என்கிறார்கள். காட்டேரி நமக்கு என்ன புதுசா? சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், தலைவிளக்கு வெளிச்சத்தில் நிரைக்குள் நுழைந்த தலைமுறை. அவரிடம் பேய்க்கதைக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்குப் பொந்தியானாக் இருந்தாள். அவளை 1957இல் சினிமாவுக்குக் கொண்டுவந்த இயக்குநர் பி. என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர். மரியா மெனாடோ நடித்த அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பில் அடுத்தடுத்து இன்னும் இரண்டு படங்கள் எடுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நம்மிடம் வேதாளம் இருக்கிறது. சுடுகாட்டில் பிணத்துக்குள் புகுந்து வாழும் வேதாளத்தின் கதைகளை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது ‘விக்ரமும் வாம்பயரும்’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்தில் இக்கதைகள் இருக்கின்றன. அவருக்கும் முன்பிருந்தே வாய்வழியாக வந்தவை. 1985இல் ராமானந்த் சாகர் இவற்றைத் தூர்தர்ஷனில் தொடராக எடுத்தார். அதில் விக்ரமனாக நடித்த அருண் கோவில்தான், பின்னர் சாகரின் இராமாயணத் தொடரில் இராமன்.

மூலத்தை மாற்றலாமா என்பதற்கு இங்கேயே ஒரு பதில் கிடைக்கிறது. சோமதேவரின் நூலில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழில் அது முருங்கை மரம் ஆகிவிட்டது. யாரோ ஒரு தமிழன் மரத்தை மாற்றினான். அவனை எவரும் அடிக்கப் போகவில்லை. அந்த மாற்றத்தால்தான் ‘வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது’ என்ற பழமொழியே நமக்குக் கிடைத்தது. வால்மீகியின் கதையைக் கம்பர் அப்படியே பெயர்த்தா எழுதினார்? கதை கைமாறும்போது உருமாறும். அது கெட்டுப்போவதாகாது. மாற்றியதால் கதையின் உள்ளே இருந்த கேள்வி கூர்மையானதா, மழுங்கியதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் நேசம் சொந்தம் கொண்டாடத் தொடங்கினால் என்ன ஆகும்? இதே வகையைச் சேர்ந்த இன்னொரு தொடர் ‘ட்ரூ பிளட்’. சார்லெய்ன் ஹாரிஸ் 2001 முதல் 2013 வரை எழுதிய 13 நாவல்கள் அதற்கு மூலம். நாவலில் சீக்கிரமே கொல்லப்படும் லஃபாயெட் என்ற சமையற்காரரைத் தொடரில் உயிரோடு விட்டார்கள். ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் கடைசி நாவலின் முடிவு, புத்தகம் வருவதற்கு முன்பே கசிந்தது. கதாநாயகி தாங்கள் விரும்பியவனோடு சேரவில்லை என்று தெரிந்ததும் சிலர் எழுத்தாளரையே மிரட்டினார்கள். 12 ஆண்டுகள் அவர் கதையைப் படித்து மகிழ்ந்தவர்கள்தாம் இவர்கள்!

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் ஒரு படிக்கட்டைக் காட்டுகிறான். ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசை தடைபட்டால் கோபம், கோபத்தில் புத்தி போய்விடும். இது ஏதோ காட்டில் தவம் செய்பவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்கிறோம். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாவலின் முடிவுக்காக முன்பின் தெரியாத பெண்மணியை மிரட்டியவர், அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கியவர்தானே?

கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எல். ஜே. ஸ்மித் மூன்று நாவல்களோடு முடித்த கதைக்கு, வாசகர்கள் வற்புறுத்தியதால்தான் நான்காவது வந்தது. பிறகு அவருக்கு நேர்ந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கூலிக்கு எழுதித் தரும் ஒப்பந்தத்தில் எழுதியவர். கதையின் உரிமை நிறுவனத்திடம் இருந்தது. 2011இல் அவரை நீக்கிவிட்டு வேறு ஆளை வைத்து எழுதினார்கள். 2014இல் அவர் தான் படைத்த பாத்திரங்களை வைத்தே, ஒரு ரசிகை எழுதுவதைப்போல, ரசிகர் கதைகளுக்கான அமேசான் தளத்தில் எழுதி வெளியிட்டார். காடழித்து மரம் நட்டுப் பால் வெட்டியவருக்கு அந்த மரம் சொந்தமில்லை என்பது தோட்டத்துப் பிள்ளைகளான நமக்குப் புதுச் செய்தி இல்லை. அந்த அம்மாளின் வலி நமக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் சீசனின் முதல் பாகத்தில் எலேனா டேமனை மறுக்கிறாள். அடுத்த நிமிடம் அவன் அவள் கண்ணெதிரே அவளுடைய தம்பி ஜெரமியின் கழுத்தைத் திருகிவிடுகிறான். மந்திர மோதிரம் அணிந்திருந்ததால் பையன் பிழைத்தான். மோதிரத்தைத் தான் கவனிக்கவே இல்லை என்று டேமனே பிறகு ஒப்புக்கொள்கிறான். அதாவது கொல்லத்தான் கொன்றான். இந்த இடத்தைக் காட்டி, “இவனையா உங்களுக்குப் பிடிக்குது?” என்று வகுப்பில் கேட்டேன். “அவன் மனசு அவ்ளோ உடைஞ்சு போச்சுண்ணே, லவ் பண்றான்ல” என்று பதில் வந்தது. பதில் சொன்னது ஒருவர் இல்லை, நாலைந்து பேர்.

இந்தப் பதிலை நான் வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். லயத்து வீடுகளைப் பற்றிப் பாட்டி கதை சொல்லும்போது, கள்ளுக்கடையிலிருந்து வந்து மனைவியை அடித்த ஒருவரைப் பற்றிச் சொல்வார். மறுநாள் காலையில் லயமே கூடிச் சொல்லுமாம்: “அவன் நல்லவன்தான், கோபம் வந்தாத்தான் அப்படி.” தோட்டம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயம் போய்த் தாமான் வந்துவிட்டது. அந்த வாக்கியம் மட்டும் போகவில்லை. காதலியின் கைப்பேசியைப் பிடுங்கிச் சோதிப்பவனுக்கும், “வேணாம்” என்று சொன்னவளை மிரட்டுபவனுக்கும் இன்றைக்கும் அதே வாக்கியம்தான் கிடைக்கிறது. தொடர் பார்ப்பதால் யாரும் கெட்டுப்போய்விடுகிறார்கள் என்பதல்ல என் வாதம். திரையில் நாம் எதை மன்னித்துப் பழகுகிறோம் என்று கவனித்தால், வீட்டில் எதை மன்னித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியவரும்.

அன்றைக்கு வகுப்பில் வேதாளக் கதை ஒன்றைச் சொன்னேன். மந்தாரவதி என்ற பெண்ணை மூன்று இளைஞர்கள் விரும்பினார்கள். அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒருவன் அவள் சாம்பல் மேலேயே குடிசை போட்டுப் படுத்துக்கிடந்தான். ஒருவன் எலும்புகளை எடுத்துக்கொண்டு கங்கைக்குப் போனான். மூன்றாமவன் ஊர் ஊராய்த் திரிந்து, இறந்தவரை எழுப்பும் மந்திரத்தோடு திரும்பி வந்து அவளை உயிர்ப்பித்தான். அவள் யாருக்கு உரியவள் என்று வேதாளம் கேட்டது. விக்ரமன் சொன்னான்: “உயிர் கொடுத்தவன் தந்தை. எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன். சாம்பலை விட்டு அகலாதவனே கணவன்.”

இதுவும் ‘நீ யார் பக்கம்?’ என்ற கேள்விதான். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். “எனக்கு அவனைப் பிடிக்கும்” என்று அரசன் சொல்லவில்லை. செயலை எடுத்துவைத்து, அதற்கு ஒரு காரணம் சொல்கிறான். “கதையை இப்படி முடிச்சிருக்கக் கூடாது” என்று வேதாளத்தோடு மல்லுக்கட்டவும் இல்லை. பிடித்திருப்பது ஓர் உணர்ச்சி. அது தப்பில்லை, ஆனால் அது தீர்ப்பாகாது.

கதையைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: “அண்ணே, மந்தாரவதிகிட்ட யாருமே கேக்கலையே?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஆயிரம் ஆண்டுப் பழைய கதையில் விக்ரமனும் கேட்காத, வேதாளமும் கேட்காத கேள்வி அது. யாரையும் திட்டாமல், யாரையும் மிரட்டாமல், கதைக்குள்ளேயே நின்று கேட்டாள். ஒரு கதையை நேசிப்பவருக்கு உள்ள உரிமை இதுதான் என்பேன். கதையைச் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. அதில் யாருடைய குரல் கேட்கவில்லை என்று பார்த்துக் கேட்கலாம். டேமன் கதையிலும் அப்படித்தான். அவன் மனம் உடைந்ததைப் பற்றி அத்தனை பேசினோமே, ஜெரமியின் கழுத்தைப் பற்றி யார் பேசினோம்?

எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் இருக்க வேண்டும் என்பதில்லை. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் விக்ரமனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரமேறிவிடும். கடைசியாக ஒரு சிக்கல். தாயை மகனும் மகளைத் தந்தையும் மணந்துகொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? விக்ரமனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. பேசாமல் நடந்தான். அந்த மௌனம் வேதாளத்துக்குப் பிடித்துவிட்டது. பிணத்தைக் கேட்டு அனுப்பிய துறவி உன்னைப் பலிகொடுக்கக் காத்திருக்கிறான் என்ற ரகசியத்தைச் சொல்லி அவன் உயிரைக் காத்தது.

தெரிந்ததைக் காரணத்தோடு பேசினான், தெரியாதபோது வாயை மூடிக்கொண்டான். வேதாளத்திடம் அவன் பிழைத்தது அதனால்தான். தம்பி, தங்கச்சிகளே, அடுத்த சீசன் பார்க்க உட்காரும்போது இதையும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.