யார் ஒதுங்குவது?

19 வயதில் சைக்கிள் ஓட்டுவதை விட்டேன். கல்லூரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பின்னால் பைக்கில் வந்த ஒருவன் என் முதுகில் ஓங்கி அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். நிலைதடுமாறி விழுந்தேன். எதிரே வந்த லாரி கிறீச்சிட்டு நின்றது. வீட்டில் யாரும் திட்டவில்லை. "இனிமே பஸ்ஸுல போயிட்டு வா தாயி" என்றார் அப்பா, அன்பாகத்தான். சைக்கிள் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடியே துருப்பிடித்தது. அடித்தவன் மறுநாளும் அதே சாலையில் போயிருப்பான்.

26 ஆண்டுகள் கழித்து, பிரான்சின் பர்கண்டி பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வாடகை சைக்கிளில் மறுபடி ஏறினேன். லியோன் நகரில் நடந்த மொழிபெயர்ப்புப் பட்டறைக்காகப் போயிருந்தேன். அது முடிந்தபின் மூன்று நாட்கள் கையில் இருந்தன. அங்கே நெடுங்காலமாக வாழும் ஈழத்துத் தோழி, "வாங்கோ, கார் வராத பாதை ஒண்டு இருக்கு" என்று கூட்டிப் போனார்.

அந்த மாதிரிப் பாதையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பசும்பாதை' என்கிறார்கள். நாட்டின் முதல் பசும்பாதை இதுதான். ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து பழைய மடாலய நகரமான க்ளூனி வரை 44 கிலோமீட்டர், 1997இல் திறந்தார்கள். ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் அது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பாதை போட்டிருக்கிறார்கள். ரயிலால் செங்குத்தான மேடு ஏற முடியாது. அதனால் இந்தப் பாதையும் ஏறுவதில்லை. சைக்கிளில் போகிறவர்கள், நடக்கிறவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு இல்லை.

செப்டம்பர் மாதம், அறுவடைக் காலம். இருபுறமும் கம்பிகளில் கட்டிய கொடிகள் வரிசை வரிசையாக மலைச்சரிவில் ஏறிப்போயின. நான் அவற்றைப் பார்க்கவில்லை. முதல் சில கிலோமீட்டர்களுக்குத் தோள் இறுகி, காது பின்பக்கமாகவே திரும்பியிருந்தது. ஓரத்துப் புல்லை ஒட்டியே மிதித்துக்கொண்டிருந்தேன். "ஏன் கரையால போறீங்கள்? நடுவால வாங்கோ. இஞ்ச ஒண்டும் வராது" என்றார் தோழி.

நடுவே வந்தேன். புக்சி ஊரின் பழைய ரயில் நிலையத்தைத் தாண்டிய பிறகுதான், வெகுநேரமாக நான் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. கொடிகள் கண்ணில் பட்டன. ஒரு கவிதை வரியை யோசித்துக்கொண்டிருந்தேன். சாலையில் போய்க்கொண்டே எதையாவது யோசிப்பது என் வாழ்வில் அதுவரை நடந்திராத காரியம். பயம் என் சுபாவம் என்றே அத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தேன். அது சாலையின் சுபாவம்.

ஆனால் வகுப்பறையில் பெண்ணியம் பேசுகிறவளுக்கு இன்பத்தின் மேல் ஒரு சந்தேகம் வந்தே தீரும். தனியாக வேலி போட்டுத் தரப்படும் பாதுகாப்பு சுதந்திரம்தானா? மகளிர் பேருந்தும் ரயிலில் பெண்கள் பெட்டியும் எனக்குப் பழக்கம். அவற்றில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அவற்றை இகழமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தனிப்பெட்டியும் மற்ற பெட்டிகள் யாருடையவை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. சலுகையாக வரும் விடுதலை நிபந்தனையோடுதான் வரும். 1800இல் பாரிஸ் காவல் தலைமையகம், பெண்கள் அனுமதி பெறாமல் ஆணுடை அணியக் கூடாது என்று ஆணையிட்டது. 1892, 1909 ஆண்டுகளில் வந்த சுற்றறிக்கைகள் அதைத் தளர்த்தின: கையில் சைக்கிளின் ஹேண்டில்பாரோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் அவள் கால்சட்டை போடலாம். இறங்கியதும் பாவாடைக்குத் திரும்ப வேண்டும். அந்த ஆணை செல்லாது என்று அரசு முறைப்படி தெரிவித்தது 2013இல்தான்.

பசும்பாதையும் அப்படி ஒரு சலுகையா? மிதித்துக்கொண்டே யோசித்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. பெண்கள் பெட்டியில் ஒதுங்குவது நாம். எங்கள் வீட்டில் ஒதுங்கியது நான். இந்தப் பாதையில் ஒதுங்கியிருப்பது வண்டி. ஆபத்துக்கு உள்ளாகிறவரை அப்புறப்படுத்துவது ஒன்று. ஆபத்தை அப்புறப்படுத்துவது வேறொன்று. இரண்டுக்கும் 'பாதுகாப்பு' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். காயப்படுத்தும் வலிமை யாரிடம் இருக்கிறதோ, ஒதுங்கும் கடமையும் அவரிடமே இருக்க வேண்டும் என்று தோழியிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "ரயில்காரருக்கு வேண்டாமப் போன நிலத்தைத் தந்திருக்கினம். காருக்கு இருந்த றோட்டில ஒண்டையாவது குறைச்சவையே?" பாதைக்குச் சற்றுத் தள்ளி, மரங்களுக்கு அப்பால், நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

பதில் இல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் எதிரில் இருந்தது. ஒரு சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாகக் கொடியின் முழங்கால் உயரத்துக்குக் குனிந்த முதுகுகள். இந்த நாட்டுத் தோட்டங்களில் கொடி நறுக்குவது கைத்தேர்ச்சியுள்ள ஆண் வேலை என்றும், நறுக்கிய குச்சிகளை இழுத்துச் சேர்ப்பதும் தளிரைக் கம்பியில் கட்டுவதும் பெண் வேலை என்றும் நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தார்கள். கூலியும் அப்படியே பிரிந்தது. பறிக்க வந்தவர்களை இறக்கிவிட்ட வேன்கள் தோட்டத்து ஓரத்தில் நின்றன. அவர்கள் வேலைக்கு வருவது அந்த இரையும் சாலை வழியாக. அஞ்சாமல் போக அமைத்த பாதை ஓய்வாகப் போகிறவர்களுக்கு; வேலைக்குப் போகிறவர்களுக்குப் பழைய சாலை.

என் அம்மாவுக்கு இப்படி ஒரு பாதை இருந்ததில்லை. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் உடைப்பவர்கள், வயல்வேலைக்குப் போகிறவர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளில், முன்பாரில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டினார்கள். அம்மா கேரியரில் தண்ணீர்க்குடத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸும் லாரியும் போகும் சாலையில் போனாள். சாலை திருந்தட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. எனக்குச் சைக்கிள் பழக்கியதும் அவள்தான். அப்பா என்னைப் பஸ்ஸில் போகச் சொன்ன இரவு அவள் ஒன்றும் பேசவில்லை. அவளுடைய துணிச்சலை மாவட்டமே கொண்டாடியது. அவள் போன சாலையை யாரும் மாற்றவில்லை. துணிச்சலை மட்டும் நம்பி விட்டுவைத்த விடுதலை ஒரே தலைமுறையில், என் முதுகில் விழுந்த ஓர் அடியில் முடிந்தது.

க்ளூனிக்குத் தெற்கே, மக்கோன் பக்கம் போகும் பாதை ஒரு மலையைக் குடைந்த பழைய ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 1.6 கிலோமீட்டர் நீளம். விளக்குகள் உண்டு, ஆனாலும் குளிர்ந்த இருட்டு. தோழி முன்னால் போய்விட்டார். பாதி வழியில் எனக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சத்தம், ஓர் ஆணின் இருமல். தோள் மறுபடி இறுகியது, முதுகு அந்த அடிக்காகக் காத்திருந்தது. அவர் மணியடித்து, ஏதோ வணக்கம் சொல்லி, நிறைய இடம் விட்டுத் தாண்டிப் போனார். வெள்ளைத் தாடிக் கிழவர். மோட்டார் வண்டியை விலக்கிய பாதையிலும் எனக்கான போக்குவரத்து மிச்சமிருந்தது. என்னை அடித்தது வண்டியல்ல, கை.

வெளியே வெளிச்சத்தில் தோழி காத்திருந்தார். நான் நடுங்குவதைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். குளிர்காலத்தில் இந்தச் சுரங்கத்தை மூடிவிடுவார்களாம், உள்ளே உறங்கும் வௌவால்களுக்காக. அந்த மாதங்களில் சைக்கிள்காரர்கள் மலையேறிச் சுற்றித்தான் போக வேண்டும். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகுதான், அவர் காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று பட்டது. யாருக்கும் வேண்டாத நிலத்தைத் தருவது எளிது. இது ஆட்கள் அன்றாடம் பயன்படுத்தும் வழி. தன்னால் கலைந்துபோகக்கூடிய ஓர் உயிருக்காக, மேடேறும் சிரமத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு, வலியது ஒதுங்குகிறது. இருட்டில் வெளியே போகாதே என்று வௌவாலுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. ஒதுங்க முடியும் என்பதற்கு அந்த மூடிய கதவைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் என் மகளிடம் படங்களைக் காட்டினேன். அவளுக்கு 16 வயது. டியூஷனுக்குச் சைக்கிளில் போகிறேன் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறாள். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன், அன்பாகத்தான். படங்களைப் பார்த்துவிட்டு, "அப்ப நீ மட்டும் ஓட்டலாமா?" என்றாள். அப்பாவின் வாக்கியத்தை நானும் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் காதில் விழுந்தது.

இப்போது அவள் சைக்கிளில் போகிறாள். வாரத்தில் இரண்டு நாள் நானும் கூடப் போகிறேன். எங்கள் தெருவில் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகளை விடக் கூடாது என்று 11 பெண்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. அவள் திரும்பி வரும்வரை எனக்கு வாசலை விட்டு நகர முடிவதில்லை. எங்கள் வீட்டில் இந்தமுறை யாரும் ஒதுங்கவில்லை. அவள் ஓரமாகப் போகிறாளா, நடுவிலா என்று நான் கேட்பதும் இல்லை.