ஸ்பைடரின் கண்கள்

வில்லனின் கண்ணைக் குத்தியிருந்தால் அது என்னை இப்படிக் குடைந்திருக்காது. குத்துப்பட்டது நாயகனின் கண்.

இலங்கையின் கித்துல்கலையில் எங்கள் பழைய லயத்துப் பரணில் ஒரு தகரப்பெட்டி கிடந்தது. அதைக் கிளறிய தங்கை மகள், அட்டை போன லயன் காமிக்ஸ் ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். ஒரே ஒரு கட்டம். அதில் ஸ்பைடரின் முகம். இரு கண்களும் ஊசியால் குத்திக் கிழிக்கப்பட்டு, அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது.

"மாமா, படம் வரைஞ்சவரே ஓட்ட போட்டுட்டாரா?"

தங்கையைப் பார்த்தேன். "என்ன ஏன்ண்ணே பாக்குறீங்க? அந்தப் பொஸ்தகத்த என்னைத் தொடவே விடமாட்டீங்களே" என்றாள். அப்படியானால் நான்தானா? எனக்கு நினைவில்லை. அதே பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கும் எதிரியின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்பைடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூர்க்காது, நெற்றியில் இறங்கும் கூர்முடி, மேலேறிய புருவம். ரசிகர்கள் 'கூர்மண்டையன்' என்று செல்லமாகச் சொல்வார்கள். ரெஜ் பன் என்ற ஆங்கில ஓவியர் நெருக்க நெருக்கமாகக் கோடு இழுத்து அந்த முகத்தில் இருட்டை ஏற்றியிருப்பார். 1965இல் பிரிட்டிஷ் வார இதழில் வந்தபோது இவன் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன். சூப்பர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் கதை எழுத வந்த பிறகுதான் மெல்ல நல்லவர் பக்கம் சாய்ந்தான். முகம் மட்டும் மாறவில்லை. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும் மூலக்கதையில் குற்றவாளியாகத் தொடங்கியவன்தான். சிவகாசியிலிருந்து கடல் தாண்டி வந்து எங்களை மயக்கிய இருவருமே முன்னாள் கெட்டவர்கள்!

பயம் எங்களுக்குப் புதிதில்லை. மாசி மாதம் காமன் கூத்தில் வீரபத்திரன் முகத்தில் சாயத்தோடு ஆர்ப்பரித்து வரும்போது, கூட்டம் சிதறி ஓடும். பகலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் எங்கள் பக்கத்துக் காம்பராக்காரர்தான் அவர் என்று தெரியும். தெரிந்தும் ஓடுவேன். ஆனால் சிவனே காமனை எரித்தாலும், அழுகை எல்லாம் எரிந்தவனுக்காகத்தான். ரதி ஒப்பாரி வைக்கும்போது அம்மாவும் சேர்ந்து அழுவாள். சிவன் கெட்டவரா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை; கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

குத்துப்பட்ட கண்களைப் பார்த்ததும், நான் பாதியில் விட்டிருந்த பிரெட்ரிக் வெர்தாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் புத்தகம் நினைவுக்கு வந்தது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 1954இல் எழுதியவர். கண்ணைக் காயப்படுத்தும் படங்களை அதில் தனியாகவே எடுத்துப் பேசியிருப்பார். அதே ஆண்டு அங்குள்ள பதிப்பாளர்கள் தங்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி வகுத்தார்கள்: எப்போதும் நன்மையே வெல்ல வேண்டும். வெர்தாம் பிள்ளைகளின் வாக்குமூலங்களைத் திருத்தி, கூட்டிக் குறைத்துப் போட்டிருந்தார் என்று 2012இல் கேரல் டில்லி என்ற ஆய்வாளர் காட்டினார். அதைப் படித்தபோது மகிழ்ந்தேன். இந்த ஊசி ஓட்டைகளைப் பார்த்ததிலிருந்து அந்த மகிழ்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கிறது. படத்துக்குள் இருந்த வன்முறை போதாமல், வெளியிலிருந்தும் ஒரு கை வந்திருக்கிறதே.

எங்கள் ஊரில் யார் கெட்டவன் என்று பேசினால் பேச்சு பாலத்துக்குப் போகாமல் இருக்காது. 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தை டேவிட் லீன் களனி ஆற்றின் மேல் இங்கேதான் எடுத்தார். தொடக்கத்தில் ஜப்பானிய அதிகாரி வில்லன். முடிவில் எதிரிக்குப் பாலம் கட்டிக்கொடுத்த ஆங்கிலேய கர்னலைப் பார்க்கத்தான் மனம் கூசுகிறது. நல்ல படம். ஆனால் அந்தப் பாலம் தாங்கிய சயாம்–பர்மா ரயில்பாதையைப் போடும்போது செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் பல்லாயிரம் பேர். தோட்டத் தமிழர் நடுவே எடுத்த படத்தில் அப்படிச் செத்தவர்களுக்கு ஒரு முகம் இல்லை. கோரமாக வரைவது ஒரு குற்றம் என்றால், வரையாமலே விடுவதை என்ன கணக்கில் சேர்ப்பது?

விலகிப் போகிறேன். ஊசியை எடுத்த பிள்ளை எதற்குப் பயந்தது? கோரமான கெட்டவனைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். அடையாளம் தெரிந்துவிடுகிறது, நிம்மதி. கெட்டவன் முகத்தோடு ஒருவன் நம் பக்கம் நிற்பதுதான் தாங்கவில்லை போலிருக்கிறது. இப்படித்தான் நினைக்கிறேன். சும்மா விளையாட்டாகக் குத்தியதாகவும் இருக்கலாம்.

அந்தக் காமிக்ஸை மகளிடம் கொடுக்க வேண்டாம், ராவில் பயப்படுவாள் என்கிறாள் தங்கை. கூத்துக்கு மட்டும் கூட்டிப்போகிறாயே என்றால், அது சாமி காரியம் என்கிறாள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்.