கடைமடை

குற்றம் ஒன்று நடந்துவிட்டால் குற்றவாளி ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த எதிர்பார்ப்பு சற்று அதிகமாகவே உண்டு. கொலை இருக்கிறது, கொலைகாரன் இல்லை என்று சொன்னால் எந்தப் பத்திரிகை ஆசிரியர் அந்தத் தொடர்கதையை ஏற்றுக்கொள்வார்?

ஓசூரில் வசிக்கிற எங்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சௌகரியம். எங்கள் குற்றவாளி எப்போதும் தயாராக இருக்கிறான். நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை, பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு எல்லை தாண்டி எங்களிடம் வருகிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறந்தால் தண்ணீரோடு வெண்ணுரையும் பொங்கிக்கொண்டு வரும். டீக்கடைப் பெஞ்சில் உடனே கேள்வி எழும்: "மேலே இருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவனைப் பற்றி என்ன கவலை?"

நியாயமான கேள்விதான். தலைமடைக்காரன் செய்கிற காரியத்தின் பலனைக் கடைமடைக்காரன் அனுபவிக்கிறான் என்பது விவசாயம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால் என்ன? நாம் யாருக்குத் தலைமடை?

தென்பெண்ணையின் கரையோடு நடந்தால் கடலூர் வரும்; கடலும் வரும். நான் சொல்ல வந்த கடைமடை அதுவல்ல. அதற்குப் போகிற வாய்க்கால் ஆற்றில் இல்லை, காற்றில் இருக்கிறது. எங்கள் ஊர் ஆலைகளை ஓட்டும் மின்சாரத்துக்காக எரிகிற நிலக்கரியும், இங்கே உருவாகி நாடெங்கும் ஓடுகிற லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் கக்குகிற கரியமில வாயு, பூமிக்குப் போர்த்திய கம்பளிபோல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. உலகம் முழுவதும் நடக்கிற காரியம் இது. எங்கள் பங்கும் அதில் உண்டு. இப்படித் தேங்குகிற வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. 3000 அடி உயரத்தில் இருந்துகொண்டு, குளிர்ந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு, நாம் அதை அறியாமல் இருக்கிறோம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் வரிசையாகச் சில சிறு தீவுகள். 1986-ல் அந்தப் பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுகளைச் சுற்றி, ஆழமில்லாத கடலடியில், பவளப்பாறைகள் இருக்கின்றன. பாறை என்பது பெயர்தான். சின்னஞ்சிறு ஜீவன்கள் கோடிக்கணக்கில் கூடிச் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட வீடு அது. அந்த ஜீவனின் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. வெயிலை வாங்கி உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கே கொடுத்துவிடுகிற அபூர்வமான குடித்தனக்காரன்! பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசி தந்ததே.

கோடையில் கடலின் சூடு வழக்கத்தைவிட ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடிச் சில வாரங்கள் அப்படியே நின்றுவிட்டால், அந்தப் பாசியே நஞ்சைச் சுரக்கத் தொடங்குகிறது. பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு மிஞ்சுவது கண்ணாடிபோன்ற சதையும், அதனூடே தெரிகிற வெள்ளைக் கூடும்தான். உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. கடல் சீக்கிரம் குளிர்ந்தால் குடித்தனக்காரன் திரும்பி வருவான். குளிராவிட்டால் சாவு.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெருமளவில் நடந்தது. பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ என்ற வெப்பம் மூண்டதை ஒட்டிய ஆண்டுகள் அவை. எல் நினோ இயற்கைதான்; பழைய விருந்தாளி. ஆனால் நாம் ஏற்கெனவே காய வைத்திருக்கிற உலையின் கீழ் அது வந்து விறகைத் தள்ளுகிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலில் மூழ்கிக் கணக்கெடுத்தார்கள். 2016 கோடைக்கு முன் உயிருள்ள பவளம் பாறைப் பரப்பில் ஏறத்தாழ 39 சதவீதம். கோடைக்குப் பின் ஏறத்தாழ 23 சதவீதம். மான்கொம்பு போலக் கிளைத்தவைதாம் அதிகம் மாண்டன. அந்தக் கிளைகளுக்குள் ஒளிந்து வளர்ந்த மீன் குஞ்சும் நண்டும் வீடிழந்தன. அவற்றுக்குப் பின்னால் வலை வீசுகிறவனின் அடுப்பு இருக்கிறது.

இதே கடலில் முன்பும் பவளம் அழிந்ததுண்டு. சுண்ணாம்புக்காகக் கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றினார்கள். அங்கே ஒரு கை இருந்தது, கையில் கடப்பாரை இருந்தது. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிடிக்க ஆள் இருந்ததால் சட்டம் பிடித்தது. வெப்பத்துக்கு எந்தப் போலீஸ்காரர் விலங்கு மாட்டுவார்?

மழை பொய்த்த மானாவாரிக் காட்டை விட்டு ஓசூர் ஆலைக்கு வேலைக்கு வந்து, தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கிய பையனைக் கூப்பிட்டு, "நீதான் பவளத்தைக் கொன்றாய்" என்று சொன்னால் அது அநியாயம். ஆலைகளை மூடிவிடுங்கள் என்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. அவற்றால் அடுப்பு எரிகிற வீடுகள் ஆயிரமாயிரம். அப்படியானால் ஒருவருக்குமே பொறுப்பில்லையா?

மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். இளவரசன் வேண்டுமென்று கன்றைக் கொல்லவில்லை. மந்திரிகளும் அதைத்தான் சொன்னார்கள். அரசன் அதோடு விடவில்லை, யாருடைய தேர் என்று பார்த்தான். அவன் விதித்த தண்டனை நமக்குக் கொடூரமாகத் தோன்றலாம். அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது தண்டனை அல்ல, மணி. கன்று சாவதற்கு முன்பே, யாருக்குக் குறை என்றாலும் வந்து இழுக்கட்டும் என்று வாசலில் ஒரு மணியைக் கட்டிவைத்தானே, அதுதான். குற்றம் நினைத்துச் செய்தவனுடையது. பொறுப்பு, தேரில் ஏறிய எல்லாருடையதும்.

பவளத்துக்கு மணியை இழுக்கக் கையில்லை. மூழ்கி எண்ணுகிறவர்கள் அதற்காக இழுக்கிறார்கள். அதோடு, 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டும் வளர்க்கிறார்கள். நல்ல காரியம், ஆனால் அடுத்த கோடை சுட்டால் நட்டதும் வெளுக்கும். வைத்தியம் தலைமடையில் நடக்க வேண்டும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இன்று மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். திசை சரிதான். ஆனாலும் அதற்கு ஊட்டுகிற மின்சாரத்தில் கணிசமான பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது; தூத்துக்குடியில் அந்த வளைகுடாவின் கரையிலேயே அதை எரிக்கிறார்கள். வண்டியை மாற்றியதோடு கடமை தீர்ந்தது என்று யாரும் காலை நீட்டிப் படுத்துவிட முடியாது.

பெங்களூர்க்காரரிடம் நாம் கேட்பதுதான் என்ன? ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை. கழிவைச் சுத்தம் செய்து அனுப்புங்கள், கீழே உயிர்கள் இருக்கின்றன என்கிறோம். கேட்க நமக்கு உரிமை உண்டு. அணைக்கரையில் நின்று அந்த உரிமையைக் கேட்கிறவர்கள், கடல் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிட முடியாது.