ஆயத்தமும் செயலே

ஒரு செயலுக்கு முன் நாம் செய்யும் ஆயத்தம் அச்செயலைச் சேர்ந்ததா, அன்றி அதற்குப் புறம்பானதா என்னும் வினா சிறியதுபோல் தோன்றும். நன்கு ஓர்ந்து நோக்கின், நம் வாழ்நாளின் பெரும்பகுதிக்குரிய மதிப்பு இதன் விடையைப் பற்றியே நிற்கிறது என்பது விளங்கும். உண்பது ஒரு நாழிகை. உழுவதும் விதைப்பதும் களை பறிப்பதும் பல மாதம். முடிவு ஒன்றே செயல் என்போமாயின், எஞ்சிய நாளெல்லாம் வீண்நாள் என்று ஒப்பவேண்டி வரும்.

இதனை ஆராயக் காகிதத்தாலாகிய ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வோம். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட நம் எல்லையூர் ஒன்றில், ஓர் இளைஞன் ஒரே சதுரத் தாளைக் கத்தரியாமலும் ஒட்டுப் போடாமலும் மடித்து, செதிலும் நகமும் கொம்பும் மீசையும் உடைய பறவைநாகம் ஒன்றைச் செய்ய முற்படுகிறான் என்று கொள்வோம். இது கற்பனை உருவமன்று. ஜப்பானில் 1981-ல் பிறந்த சதோஷி காமியா என்பார் இத்தகைய உருவங்களை வகுத்துள்ளார். 2005-ல் வெளிவந்த அவருடைய நூலில் உள்ள பழங்கால நாகம் ஒன்றுக்கே 270-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ‘ரியூஜின் 3.5’ என்னும் அவருடைய மற்றொரு நாகம் அதனினும் கடியது.

அவ்விளைஞன் முதல் நாள் செய்வது யாது? நாகத்தின் சாயல்கூட அங்கே இராது. அவன் தாளைத் தேர்கிறான். பல அடுக்காய் மடியும்போது தடிக்காத மென்மையும், கிழியாத உரமும் ஒருங்கே வேண்டும். மெல்லிய தாள் இரண்டினை மெத்தில் செல்லுலோஸ் என்னும் பசை தடவி ஒன்றாக்கிக் காயவிடுகிறான். பின்னர்க் கட்டங்களை மடிப்புக் கோடுகளாகப் பதிக்கிறான். பக்கமொன்றை 64 கூறாக்க 63 கோடு. குறுக்கும் நெடுக்குமாக 126 கோடு. ஒவ்வொன்றையும் மடித்து, நகத்தால் அழுத்தி, மீண்டும் விரிக்கவேண்டும். பல நாள் உழைப்பின் முடிவில் அவன் கையில் இருப்பது கோடு விழுந்த ஒரு தட்டைத் தாளே. காண்பவர், “இத்தனை நாளும் என்ன செய்தாய்?” என்று வினவுவர்.

ஆயினும் அனைத்தும் அங்கேயே முடிவாகிவிட்டது. 64 சென்டிமீட்டர் தாளில் நடுக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகிற்று என்க. ஒரு பாதி 32.1, மறு பாதி 31.9 ஆகும். அதன்பின் விழும் கோடு ஒவ்வொன்றும் அப்பிழையில் தன் பங்கை ஏற்கும். ஒரு கட்டத்தில் பார்த்தால் அது கண்ணுக்குப் புலப்படாது. கோடுகள் யாவும் ஒருங்கே மடிந்து உருவெடுக்கும் நாளிலோ, மூலையோடு மூலை பொருந்தாது. பதிந்த கோட்டை அழிக்கவும் இயலாது. தாள் எதனையும் மறப்பதில்லை. ஆகலின், எவரும் காணாத முதல் நாளில் கை காட்டிய நேர்மையே, எல்லோரும் காணும் கடைசி நாளில் உருவமாக நிற்கிறது.

ஜப்பானியர் கலைக்கும் நமக்கும் என்ன உறவு என்பாருக்கு, நம் ஊர்களிலேயே விடை உண்டு. நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தைக் காண்க. பாலராம வர்மா மன்னர் காலத்தில், அதாவது 1798-க்கும் 1810-க்கும் இடையில், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பெற்ற சாலிய நெசவாளர் அங்கே குடியமர்ந்தனர். அவர்கள்தம் மரபில், தறியில் ஏறுமுன் பாவு தெருவில் நீள விரிக்கப்படும். அரிசிக் கஞ்சி தோய்த்து, இருபுறமும் நின்று தூரிகையால் நீவி, அறுந்த இழையை முடிந்து, உலர்த்துவர். கஞ்சி ஏறாத இழை தறியின் உராய்வைத் தாங்காது அறும். நாம் ஆலையில் உழைத்த நாளிலும் இந்நியதியே கண்டோம். இயந்திரம் பெரிதாயினும் பாவுக்குக் கஞ்சி போடாமல் தறிக்கு அனுப்புவாரில்லை.

அக்கஞ்சியின் கதி என்ன? துணியைத் துவைக்கத் துவைக்க அது நீரோடு போய்விடுகிறது. உடுத்துவோர் கரையைப் புகழ்வர், கசவைப் புகழ்வர், கஞ்சியைப் புகழ்ந்தவர் எவருமில்லை. காகித நாகத்திலும் அவ்வாறே. தாளின் பெரும்பகுதி உள்ளே மறைந்து கிடக்கும். செதிலைத் தாங்கும் மடிப்பு வெளியே தெரியாது.

இனித் தடை கூறுவார் சொற்களை நோக்குவோம்.

“ஆயத்தம் என்பது அச்சத்திற்கு இட்ட அழகிய பெயரன்றோ?” என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. தாள் வாங்கி அடுக்குவதும், படிகளைப் படித்துக்கொண்டே இருப்பதும், நல்ல நாளுக்குக் காத்திருப்பதும் ஆயத்தமாகா, அவை ஒத்திவைத்தலாம். இரண்டையும் பிரித்தறியும் உரைகல் எளியது: இன்று செய்தது நாளைய வேலையைக் குறைத்ததா? மலிந்த தாளில் ஒரு காலை மட்டும் மடித்துப் பார்த்தவன் குறைத்தான். கனவு கண்டவன் குறைக்கவில்லை. மேலும், நாமே நம்மை ஆயத்தம் செய்வது வேறு. “உனக்கு இன்னும் தகுதி வரவில்லை” என்று பிறர் நம்மை வாயிலில் நிறுத்திவைப்பது வேறு. பின்னதைப் பொறுமை என்று கொள்ளல் மடமை.

அக்கிரா யோஷிசாவாவின் வாழ்க்கை இதனைத் தெளிவாக்கும். 1911-ல் பிறந்த அவர் பதின்மூன்று வயதில் டோக்கியோவில் தொழிற்சாலை வேலைக்குச் சென்றவர். உடன் உழைக்கும் இளையோருக்கு வடிவ கணிதம் கற்பிக்கக் காகித மடிப்பைக் கையாண்டார். எவர் அனுமதிக்கும் காத்திராமல் 1937-ல் வேலையைவிட்டு இக்கலையில் இறங்கினார். வறுமையில் வீடுவீடாக உணவுப்பண்டம் விற்றார். மடிப்புகளைக் குறியீட்டால் எழுதும் முறையுடன் அவர் நூல் வந்தது 1954-ல். இடையே ஆண்டு பதினேழு. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உருவங்களை மடித்ததாக அவர் கணக்கிட்டார். வரைபடமாக உலகம் கண்டவை சில நூறே. எஞ்சியவை வீண் என்று சொல்லத் துணிவோமா?

“இறுதி நாளில் தாள் கிழிந்தால்?” என்பது மற்றொரு தடை. கிழியக்கூடும். கிழிந்தால் நாகம் இல்லை, துயரும் உண்டு, அதனை மறுப்பது பொய்யாகும். ஆயினும் 126 கோட்டை நேராக இட்ட கை கிழிவதில்லை. அடுத்த தாளை எடுக்கும்போது அது முன்னிருந்த கையன்று. பொருளுக்காக மட்டும் உழைத்தவன் பொருளோடு யாவும் இழந்தான்; வேலையை வேலையாகச் செய்தவன் பொருளை மட்டுமே இழந்தான்.

இக்காலத்தில் இதனை வற்புறுத்த ஒரு காரணம் உண்டு. கைப்பேசியில் காணும் காணொலியில் நாகம் பத்து நிமிடத்தில் எழுந்து நிற்கிறது. கோடிட்ட நாட்கள் வெட்டி நீக்கப்பட்டுள்ளன. அதைக் காணும் பிள்ளை, தன் மூன்றாம் நாள் வெறுந்தாளைப் பார்த்து, “எனக்கு ஆற்றல் இல்லை” என்று முடிவு செய்கிறது. ஆற்றல் இல்லாமையன்று அது. மற்றவருடைய மூன்றாம் நாளை அது கண்டதில்லை. தேர்வுக்குப் படிப்போர்க்கும், தொழில் பழகுவோர்க்கும், கெட்ட பழக்கம் ஒன்றைக் கைவிட முயல்வோர்க்கும் இதுவே நேர்கிறது.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கோடு விழுந்த தாளோடு அமர்ந்திருப்பின், “எப்போது முடிப்பாய்?” என்று கேளாதீர். அருகமர்ந்து, “இக்கோடு நேராக இருக்கிறதா?” என்று கேளுங்கள். அவ்வினாவை நம்மையும் நாளுக்கு ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.