விலை எழுதாத உணவுப் பட்டியல்

லூர்து அன்னையின் திருத்தலத்திற்குச் செல்லும் வழியில் பாரிஸ் மாநகரில் நான்கு நாள்கள் தங்க நேர்ந்தது. நம்மோடு பயணம் செய்த முதிய தம்பதியர் ஒருவரின் மகன் அந்நகரில் பொறியாளராகப் பணிபுரிகிறார். பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளை முன்னிட்டு, அவர்களோடு நம்மையும் சேர்த்துப் புகழ்பெற்ற ஓர் உணவகத்திற்கு அவர் அழைத்துச் சென்றார். தூய வெண்ணிற விரிப்பு, ஒவ்வொருவர் முன்னும் மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள், ஓசையின்றி நடமாடும் பணியாளர்கள். நால்வர் கையிலும் உணவுப் பட்டியல் தரப்பட்டது. அந்த அம்மையார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுல விலையே போடலையே?"

"விருந்தாளிங்க அட்டையில விலை இருக்காதும்மா. அழைச்சிட்டு வந்தவங்க அட்டையில மட்டும்தான் இருக்கும். நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."

இது பிரெஞ்சு உயர்தர உணவகங்களின் பழைய வழக்கம். அம்மையார் மகனைச் சற்று நேரம் பார்த்தார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பின்னர் வந்த ஒவ்வொரு தட்டையும், வீட்டில் குழம்பை வழித்து உண்பது போலவே, ரொட்டித் துண்டினால் துடைத்து உண்டு முடித்தார். நாமோ ஒவ்வொரு கவளத்திற்கும் மனத்திற்குள் விலை கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு தட்டைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம். நம் மனச்சான்று கூர்மையானது என்று அப்பொழுது நமக்குச் சிறு பெருமிதமும் இருந்தது.

இத்தகைய விருந்து அறத்திற்கு ஏற்றதா? பாரிசில் மூன்று விண்மீன் பெற்ற உணவகங்களில் ஒருவருக்கான இரவு விருந்து 400 யூரோவைத் தாண்டுவது இன்று வியப்பன்று. நம் நாட்டுப் பணத்தில் அது 35,000 ரூபாய்க்கும் மேல். ஒரு குடும்பத்தின் பல மாத அரிசிக்கு ஆகும் பணத்தை ஓர் இரவில் உண்டு தீர்ப்பதைக் கிறிஸ்தவ மனச்சான்று எவ்வாறு ஏற்கும்? வாசக அன்பர்களும் நம்மோடு சேர்ந்து இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

பெயரில் மறைந்துள்ள பொருள்

'ரெஸ்தொரான்' என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் உணவகத்தைக் குறிக்கவில்லை. இழந்த வலிமையை மீட்டுத் தருவது என்பதே அதன் பொருள். நோயுற்றோர்க்கும் உடல் நலிந்தோர்க்கும் இறைச்சியை நெடுநேரம் காய்ச்சி இறக்கிய சாற்றுக்கே அப்பெயர் வழங்கியது. 1760களில் பாரிசில் இச்சாற்றைத் தனித்தனி மேசைகளில் வழங்கும் கடைகள் தோன்றின. நாளடைவில் சாற்றின் பெயர் கடைக்கு ஆகிவந்தது.

முதற்கடையைப் பற்றி ஒரு கதை உண்டு. பூலான்ஜே என்பவர் 1765ஆம் ஆண்டில் தம் கடை வாயிலில் இலத்தீன் மொழியில் ஒரு பலகை வைத்தாராம். பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்போரைத் தம்மிடம் அழைத்து இளைப்பாற்றி தருவதாக ஆண்டவர் உரைத்தாரே, அந்தத் திருச்சொற்களைச் சற்றே மாற்றி, வயிற்று வருத்தம் உடையோரைத் தம்மிடம் அழைத்தது அப்பலகை. இக்கதைக்குத் தக்க சான்று இல்லை என்று வரலாற்று ஆய்வாளர் ரெபெக்கா ஸ்பாங் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் காட்டியுள்ளார். கதை உண்மையாயினும் அன்றாயினும், சோர்ந்தவரை மீட்பதே உணவகத்தின் முதல் நோக்கம் என்னும் நினைவை அது காத்து வைத்திருக்கிறது.

அந்நோக்கம் விரைவில் மாறியது. 1789ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின், பிரபுக்களின் மாளிகைகளில் வேலையிழந்த சமையற்கலைஞர் பலர் பாரிசில் உணவகம் திறந்தனர். மாளிகைக்குள் அடைந்து கிடந்த விருந்து பணம் உள்ள எவருக்கும் கிடைத்தது. அது ஒரு வகையில் சமத்துவமே. ஆயினும், பிறப்பு நின்ற வாயிலில் இப்பொழுது பணம் வந்து நின்றது.

சுவை பாவமா?

அழைப்பு விடுக்கும் அந்தத் திருச்சொற்கள் மத்தேயு நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில் உள்ளன. அதே அதிகாரத்தில், அவற்றிற்குச் சில வரிகளுக்கு முன்னர், மக்கள் தம்மைப் பெருந்தீனிக்காரன் என்றும் குடிகாரன் என்றும் தூற்றுவதை இயேசுவே எடுத்துரைக்கிறார். விருந்துகளை அவர் வெறுத்திருப்பின் இப்பழி எழுந்திராது. கானாவூரில் ஆறு கற்சாடித் தண்ணீரை அவர் இரசமாக்கினார்; அதுவும் மட்டமான இரசம் அன்று, பந்தி மேற்பார்வையாளரே வியந்த உயர்ந்த இரசம். ஆகவே நல்ல சுவையைப் பாவம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

எனினும் தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியமும் ஒன்று என்று சிறுவயதில் மறைக்கல்வியில் மனனம் செய்தோம். திருத்தந்தை பெரிய கிரகோரியார் இதனை ஐந்து வகையாகப் பகுத்தார். புனித தோமா அக்குவினாஸ் அப்பகுப்பை ஏற்று விளக்கினார். உரிய வேளைக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவு மீறுவது, பேராவலோடு விழுங்குவது, மிகு நுணுக்கமாகச் சமைத்ததையே கேட்பது என்பன அவை. பெரிய தட்டின் நடுவில் சிறிதளவே வைத்துத் தருவதால் இங்கே பெருந்தீனி இல்லை என்று எவரும் வாதிட இயலாது. ஐந்தனுள் இரண்டு இவ்வகை உணவகங்களின் வாயிலிலேயே நிற்கின்றன.

ஆனால் கிரகோரியார் காட்டும் ஓர் எடுத்துக்காட்டை மறந்துவிடலாகாது. ஏசா தன் தலைப்பேற்று உரிமையை இழந்தது அரச விருந்துக்காக அன்று. ஒரு கலம் பருப்புக் கூழுக்காக. பாவம் தட்டில் இல்லை. உண்பவனின் உள்ளத்தில் உள்ளது. கூழிலும் பெருந்தீனி உண்டு. விருந்திலும் தன்னடக்கம் உண்டு.

அக்குவினாசைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியும் பிரான்சு நாட்டு விருந்து மேசையில்தான் நடந்ததாகச் சொல்வர். மன்னர் புனித லூயியின் விருந்தில் அமர்ந்திருந்த தோமா, சிந்தனையில் ஆழ்ந்து, பொருளுலகைத் தீயதென்று வெறுத்த மனிக்கேயருக்கு மறுமொழி கிடைத்துவிட்டது என்று கூறி மேசையை ஓங்கித் தட்டினாராம். மன்னர் சினம் கொள்ளவில்லை; எழுத்தரை அழைத்து அக்கருத்தை எழுதிவைக்கச் செய்தார். படைப்பு நல்லது என்னும் உண்மை விருந்து மேசையில் உதித்ததாகச் சொல்லப்படுவது எத்துணைப் பொருத்தம்! அந்த மன்னரோ நாள்தோறும் ஏழைகளைத் தம் இல்லத்தில் உண்பித்தவர். தம் கையாலேயே அவர்களுக்குப் பரிமாறியவர்.

யார் தந்த விலை?

இப்பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசியபோது எழுந்த கேள்வி அது. முந்நூறு தெனாரியம், அதாவது ஏறத்தாழ ஓராண்டுக் கூலி. கேட்டவன் யூதாசு, அவன் ஏழைகள்மேல் கவலை கொண்டு அவ்வாறு கேட்கவில்லை என்று யோவான் தெளிவுபடுத்துகிறார். கேள்வி சரியாக இருந்தும் கேட்ட உள்ளம் சரியாக இல்லை. ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள் என்ற பொருள்பட ஆண்டவர் விடையளித்தார். ஏழைகளை மறந்துவிட அது அனுமதி அன்று. அவ்விடை நினைவூட்டும் இணைச்சட்ட நூற்பகுதி, வறியவர்க்குக் கையைத் தாராளமாகத் திறக்குமாறு கட்டளையிடுகிறது.

இக்கேள்விக்கு நாம் எதிர்பாராத இடத்தில் வெளிச்சம் கிடைத்தது. விருந்துக்கு அடுத்த ஞாயிறன்று தமிழ்த் திருப்பலி முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஈழத்திலிருந்து அகதியாகச் சென்று அங்கே குடியமர்ந்த அன்பர் ஒருவர் அருகில் வந்து பேசினார். அந்நகரின் உணவகங்கள் பலவற்றில் அடுப்படிப் பணியைத் தாங்குபவர்களுள் ஈழத்தமிழரும் உளர். அவர் நாம் சென்றது போன்றதோர் உணவகத்தில் தட்டுக் கழுவுகிறவர். நாம் நம் மனக்குறையை அவரிடம் சொன்னோம்.

"ஐயா, நான் பத்து வருசமாக் கோப்பை கழுவுறன். சாப்பிடுற ஆக்களின்ரை முகம் எனக்குத் தெரியாது, கோப்பைதான் தெரியும். சந்தோசமாச் சாப்பிட்டவையின்ரை கோப்பை பாணாலை துடைச்சு வெறுமையா வரும். எடுப்புக் காட்ட வந்தவையின்ரை கோப்பை அரைவாசி அப்பிடியே வரும். அதைக் கொட்டேக்கைதான் எனக்கு மனம் வருத்தம்."

நம் பாதித் தட்டு நினைவுக்கு வந்தது. நாம் எதுவும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்.

"போன வருசம் மகள் சோதினை பாஸ் பண்ணினவள். நாலு மாதம் காசு சேத்து, நாங்களும் இப்பிடி ஒரு இடத்திலை போயிருந்து சாப்பிட்டனாங்கள். எழும்பேக்கை பழக்கத்திலை நான் கோப்பையளை அடுக்கத் துவங்கிட்டன். 'அப்பா, இண்டைக்கு விடுங்கோ' எண்டு மகள் கையைப் பிடிச்சிட்டாள். அது பாவமோ ஐயா?"

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர் செலவிட்டது ஏழையின் பணம். அந்த ஏழை அவரே. பத்தாண்டுகள் பிறர் உண்ட தட்டைக் கழுவிய கைகள் ஒரு நாள் மேசையின் இப்பக்கம் ஓய்ந்திருந்ததைப் பாவம் என்று சொல்ல எந்த நூலில் இடமுண்டு? சோர்ந்தவரை மீட்பது என்னும் அந்தப் பழைய பெயர் அன்று அக்குடும்பத்தில் நிறைவேறியது எனலாம்.

அம்மையாரின் அட்டையில் இல்லாத விலையை அவர் மகன் தந்தார். ஆனால் மகனின் அட்டையிலும் எழுதப்படாத விலை ஒன்று உண்டு. 1671ஆம் ஆண்டில் ஷாந்தியி மாளிகையில் மன்னர் பதினான்காம் லூயிக்கு விருந்து நடந்தபோது, வரவேண்டிய மீன் வராததைத் தாங்காமல் விருந்து மேலாளர் வாத்தெல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் பாரிசில் தட்டுக் கழுவி, ஒரே கதவின் இருபுறமும் கண்ட இரு உலகங்களை 1933இல் நூலாக்கினார். 2017ஆம் ஆண்டில் செபஸ்தியான் பிரா என்னும் சமையற்கலைஞர், தம் உணவகம் பெற்றிருந்த மூன்று விண்மீன்களையும் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு மிஷ்லின் வழிகாட்டி நூலாரை வேண்டினார். ஒவ்வொரு தட்டிலும் குறை தேடப்படும் என்னும் அழுத்தம் அவரை வாட்டியது. நம் இன்பத்திற்காகக் கதவுக்கு அப்பால் ஒருவர் தரும் இந்த விலையை நினையாமல் உண்பதே உண்மையான பெருந்தீனி.

இதற்கு நேர் மாறான விருந்தையும் நாம் அறிவோம். கேரன் பிளிக்சென் எழுதிய கதையைத் தழுவி 1987ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாபெத்தின் விருந்து' என்னும் திரைப்படத்தில், பாரிசிலிருந்து அகதியாக வந்த சமையற்காரப் பெண்ணுக்குப் பரிசுச்சீட்டில் 10,000 பிராங்கு விழுகிறது. அதனை முழுவதும் செலவிட்டு, தமக்கு அடைக்கலம் தந்த எளிய சிற்றூராருக்கு ஒரே ஓர் இரவு பிரெஞ்சு விருந்து படைக்கிறார். பேச்சற்றுப் பகைத்திருந்த உள்ளங்கள் அம்மேசையில் ஒப்புரவாகின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், பிறரை மகிழ்விப்பதன் மகிழ்ச்சிக்கு இக்கதையைச் சான்றாகக் காட்டினார். கதையில் மட்டும் அன்று. 2018ஆம் ஆண்டில் பாரிசின் மதலேன் ஆலய நிலவறையில், இத்தாலியச் சமையற்கலைஞர் மாசிமோ போத்தூராவின் முயற்சியால், வீடற்றோருக்கான உணவுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. வீணாகவிருந்த உணவுப் பொருள்களைத் தேர்ந்த கலைஞர்கள் சமைத்தனர். வறியவர் வரிசையில் நிற்கவில்லை, மேசையில் அமர்ந்தனர், அவர்களுக்குப் பரிமாறப்பட்டது.

நம் மொழியில் 'விருந்து' என்னும் சொல்லும் முதலில் உணவைக் குறித்ததன்று. புதுமை என்பதே அதன் பழம்பொருள். பின்னர் வாயிலில் வந்து நின்ற புதியவரைக் குறித்தது. அதன் பின்னரே அவருக்கு இட்ட உணவைக் குறித்தது. பிரெஞ்சுச் சொல் சோர்ந்தவரையும், தமிழ்ச் சொல் புதியவரையும் மறந்து, இரண்டும் இன்று தட்டையே சுட்டுகின்றன. கைம்மாறு செய்ய இயலாதவரை விருந்துக்கு அழைக்குமாறு லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் பணிப்பது இவ்விரு சொற்களின் தொலைந்த பொருளை மீட்கவே போலும்.

ஆகவே உயர்தர உணவகத்திற்குச் செல்வோரிடம் நாம் கேட்கத்தக்கவை மூன்று. இவ்விருந்து யாருக்காக? நன்றியோடு உண்கிறோமா, பிறர் காண உண்கிறோமா? கதவுக்கு அப்பால் நிற்பவருக்கும் வாயிலுக்கு வெளியே கிடக்கும் இலாசருக்கும் உரியதைக் கொடுத்தபின் உண்கிறோமா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாதவிடத்து முதல் இரண்டும் நம்மைக் காக்கமாட்டா. நம் திருமண மண்டபங்களில் பாதி உண்டு மூடப்படும் வாழையிலைகளும் இக்கேள்விகளுக்கு உட்பட்டவையே.

அன்றிரவு அம்மேசையில் குற்றவாளி எவரேனும் இருந்தாரெனில், அவர் பெற்றோரை மகிழ்வித்த மகன் அல்லர். மகனின் அன்பை மீதமின்றி உண்ட தாயும் அல்லர். மனத்திற்குள் ஏழைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஏழைக்கு ஒரு காசும் ஈயாமல், கிடைத்த கொடையையும் மகிழ்வோடு ஏற்காமல், பாதித் தட்டைத் திருப்பி அனுப்பிய நாமே. ஞாயிறுதோறும் நாம் அணுகும் திருப்பந்தியிலும் விலை எழுதப்பட்டிருப்பதில்லை. அழைத்தவரே கல்வாரியில் அதனைச் செலுத்திவிட்டார். அங்கே விலையின்றிப் பெற்றுக்கொள்ளக் கற்றவர்கள், பிறருக்கு விலை பாராமல் கொடுக்கவும் கற்றுக்கொள்வோமாக.